சிறுநீர்க் கசிவுக்குப் பயிற்சி: வீட்டில் தனியாகவா, மேற்பார்வையிலா, கருவியோடா?

காலாண்டு விடுமுறையில் என்னைப் பார்க்க வந்த 47 வயது ஆசிரியை ஒருவர், உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து மேசைமீது வரிசையாக வைத்தார். முதல் தாளில், கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் யூடியூபில் பார்த்து எழுதிக்கொடுத்த கீகல் பயிற்சிக் குறிப்புகள், அதாவது இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சிக்கான குறிப்புகள் இருந்தன. இரண்டாவது, ஒரு தனியார் மையம் கொடுத்த விலைப்பட்டியல்; 12 அமர்வுகள், மின்தூண்டல், தசை இறுகுவதைத் திரையில் காட்டும் கருவி எல்லாம் சேர்ந்த தொகுப்பு அது, பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். மூன்றாவது, அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டிய பரிசோதனைகளின் சீட்டு. "இந்த மூன்றில் எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

பெண்களுக்கான இயன்முறை சிகிச்சையில் இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானதுதான். ஆனால் பெரும்பாலானோர் ஒரு தாளோடு வருவார்கள். அதைச் செய்யலாமா, வேண்டாமா என்று மட்டும் கேட்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், இவை ஒன்றுக்கொன்று போட்டியான வழிகள் அல்ல என்பதும், எதை முதலில் செய்கிறோம், எதற்குப் பிறகு எது என்பதே உண்மையான தேர்வு என்பதும் தெரியவரும்.

அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது, கசிவு எந்த வகை என்பது. இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குவது, படி இறங்குவது போன்று வயிற்றுக்குள் அழுத்தம் கூடும் நொடியில் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. திடீரென்று அடக்க முடியாத அவசரம் வந்து, கழிவறைக் கதவைத் திறப்பதற்குள் போய்விட்டால் அது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்திருந்தால் கலப்புக் கசிவு. இவற்றுக்கான பயிற்சிகள் ஒரே தசையைச் சுற்றியே அமைந்தாலும், அவற்றைச் செய்யும் விதமும், அடுத்த கட்டமாகச் செல்லும் மருத்துவமும் வேறு வேறு. சிறுநீரில் இரத்தம், அடிக்கடி வரும் தொற்று, கால்களிலோ பிறப்புறுப்பைச் சுற்றியோ மரத்துப்போதல், பிரசவத்துக்கோ அறுவைக்கோ பிறகு இரவு பகலாக இடைவிடாமல் ஒழுகுதல், கர்ப்பப்பை வெளியே இறங்கித் தெரிதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

வகையைக் கண்டுபிடிக்க மூன்று நாள் குறிப்பேடு போதும். எப்போது எவ்வளவு குடித்தோம், எப்போது சிறுநீர் கழித்தோம், எப்போது, என்ன செய்யும்போது கசிந்தது என்று எழுதினால் போதுமானது. ஆசிரியை கோடு போட்ட பள்ளி நோட்டில் அழகாகக் கட்டம் கட்டி எழுதிக்கொண்டு வந்தார். கசிவுகள் எல்லாம் தும்மலுக்கும் இருமலுக்கும் எதிரேயே இருந்தன. ஒரே ஒரு முறை பேருந்தில் ஏறும்போது. ஆனால் என் கண் நின்றது வேறு ஒரு கட்டத்தில். காலை 7 மணிக்கு ஒரு காபி. அதற்குப் பிறகு மாலை 4.15 வரை குடித்த தண்ணீர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. பள்ளியில் ஆசிரியைகளுக்கு ஒரே கழிவறை, அதற்கும் தாழ்ப்பாள் சரியில்லை. கசிவுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் நம்மில் ஏராளம். அதனால் சிறுநீர் அடர்த்தியாகி, பையை உறுத்தி, மலச்சிக்கலையும் கூட்டுகிறது. நாள்தோறும் முக்கி மலம் கழிக்கும் பழக்கம், நாம் வலுப்படுத்த நினைக்கும் அதே தசையைத் தளர்த்துகிறது.

அந்தத் தசை இருக்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மூன்று தாள்களின் மதிப்பும் அதில்தான் இருக்கிறது. இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து வால் எலும்பு வரை தூளி கட்டியதுபோல ஒரு தசைத்தளம் தொங்கி, சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குகிறது. இருமும் நொடியில் அது இறுகி மேலெழுந்து சிறுநீர்த் தாரையை அழுத்தி மூடுகிறது. பிரசவம், வயது, உடல் எடை, நாள்பட்ட இருமல் போன்றவற்றால் தூளி தொய்ந்தால், மூடுவது பிந்துகிறது அல்லது போதாமல் போகிறது. இந்தத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் கசிவு குறையும் என்று 1948-இல் எழுதியவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கீகல். பயிற்சி அவர் பெயரால் உலகெங்கும் பரவியது. ஆனால் அவர் தன் நோயாளிகளிடம் தசை சரியாக இறுகுகிறதா என்று முதலில் பரிசோதித்தார், அழுத்தத்தை அளக்கும் கருவியையும் வைத்திருந்தார் என்ற பாதி, பெயரோடு சேர்ந்து பரவவில்லை.

முதல் தாளின் பலவீனம் அங்கேதான். ஆசிரியையின் மகள் எழுதிய குறிப்பில் தவறு ஒன்றும் இல்லை. எத்தனை நொடி, எத்தனை முறை எல்லாம் சரியாகவே இருந்தன. "எங்கே, ஒரு முறை செய்து காட்டுங்கள் டீச்சர்" என்றேன். மூச்சை இழுத்து அடக்கினார், முகம் சிவந்தது, நாற்காலியில் ஓர் அங்குலம் உயர்ந்தார். பிட்டத் தசையும் தொடையும் இறுகியிருந்தன. பிறகு அவருடைய சம்மதத்தோடு பரிசோதித்தபோது, உள்ளே தசை மேலே ஏறுவதற்குப் பதிலாகக் கீழே தள்ளப்படுவதை உணர முடிந்தது. அதாவது அவர் இறுக்கவில்லை, முக்கிக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக நாளுக்கு மூன்று வேளை அதையே செய்திருக்கிறார்.

இது அவருடைய குறை என்று எண்ண வேண்டியதில்லை. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சுருக்கமாக வாய்மொழியில் மட்டும் சொல்லிக்கொடுத்த பிறகு 47 பெண்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 23 பேர் சரியாக இறுக்கினார்கள், 12 பேர் செய்த விதமோ கசிவைக் கூட்டக்கூடியதாகவே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தசையை வாய்ச்சொல்லால் மட்டும் கற்றுக்கொள்வதில் உள்ள சிக்கல் இது. ஆகவே வீட்டில் தனியாகச் செய்வது மலிவு, வசதி, கூச்சமில்லை என்ற மூன்று நன்மைகளையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ஒரு முறையாவது யாராவது சரிபார்க்காத பயிற்சியை, பலன் தராத பயிற்சி என்று முடிவுகட்ட நமக்கு உரிமை இல்லை. "கீகல் எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்களில் கணிசமானோர் கீகல் செய்யவே இல்லை.

சரியாகச் செய்யும்போது எவ்வளவு பலன் என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட திறனாய்வு, 14 நாடுகளின் 31 ஆய்வுகளில் இருந்த 1,817 பெண்களைத் தொகுத்துப் பார்த்தது. அழுத்தக் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்த பிரிவில் 56 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். பயிற்சி செய்யாத பிரிவில் 6 சதவீதம். எல்லா வகைக் கசிவையும் சேர்த்துப் பார்த்தால் 35 சதவீதத்துக்கு 6 சதவீதம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அழுத்தக் கசிவுக்கும் கலப்புக் கசிவுக்கும் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைப்பது, குறைந்தது மூன்று மாதம், மேற்பார்வையோடு, நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது 8 இறுக்கங்கள். இதில் "மேற்பார்வை" என்ற சொல்லைப் படித்துவிட்டு, வாரம் இரண்டு முறை மருத்துவமனைக்கு அலைய வேண்டும் என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் சரிபார்ப்பு, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்பது என் அனுபவத்தில் பெரும்பாலானோருக்குப் போதுமானதாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு உண்டு. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் வாசலுக்கு வருபவரிடம் நம் பெண்கள் மூட்டுவலியைச் சொல்வார்கள், இதைச் சொல்லமாட்டார்கள். இந்தத் தசையைப் பரிசோதிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதால், அது தெரிந்த பெண் சிகிச்சையாளர் யார் என்று வெளிப்படையாகவே கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது இரண்டாவது தாளுக்கு வருகிறேன். மூன்றில் அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். காரணம், பணம் போவது இங்கே. அந்தத் தொகுப்பில் இருந்த இரண்டு கருவிகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் காட்டும் கருவி, உள்ளே வைக்கும் ஓர் உணரியின் மூலம் தசை இறுகும் அளவைக் கோடாக வரைந்து காட்டுகிறது. பார்த்துச் செய்தால் நன்றாகச் செய்வோம் என்பது நம்பத்தகுந்த வாதம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்தேன். பிரிட்டனில் 600 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பயிற்சி மட்டும், மற்றதற்குப் பயிற்சியோடு இந்தக் கருவியும் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓபல் ஆய்வு 2020-இல் வெளியானது. இரு பிரிவினருக்கும் 16 வாரங்களில் ஆறு சந்திப்புகள். முடிவில் கசிவின் கடுமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சரியாகக் கற்றுக்கொடுக்கும் ஆள் இருந்தால் திரை கூடுதலாக ஒன்றும் தரவில்லை என்றே அதைப் படிக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் தசையை அடையாளம் காண முடியாதவர்களுக்குத் திரை உதவலாம். ஆனால் அவர்களுக்கும் முதலில் நான் கொடுப்பது ஒரு கைக்கண்ணாடி. கட்டிலில் சாய்ந்து, முழங்கால்களை மடக்கி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வாயு பிரியாமல் அடக்குவதுபோல இறுக்கினால், யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தசைப்பகுதி உள்நோக்கி ஏறுவது தெரியும். வெளியே புடைத்தால் முக்குகிறோம் என்று பொருள். ஆசிரியைக்கு அன்று இரண்டாவது முயற்சியிலேயே பிடிபட்டது.

மின்தூண்டல் வேறு கதை. கரண்டு வைத்தால் தசை தானாகத் துடிக்கும். படுத்திருப்பவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் தும்மல் வரும் நொடியில் அந்தத் தசையை இறுக்க வேண்டியது அவருடைய மூளை, கருவி அல்ல. நார்வேயில் 107 பெண்களிடம் ஆறு மாதம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, பயிற்சி, மின்தூண்டல், யோனிக்குள் வைத்துத் தாங்கும் சிறு எடைக்கூம்புகள், சிகிச்சையின்மை ஆகிய நான்கையும் ஒப்பிட்டது. பயிற்சியே மற்ற மூன்றையும் விடச் சிறப்பாக இருந்தது. தசையைத் தன் முயற்சியால் கொஞ்சமும் இறுக்க முடியாதவர்களுக்குத் தொடக்க உதவியாக மின்தூண்டலுக்கு இடம் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் அது கூடாது. எல்லோருக்கும் ஒரே தொகுப்பாக 12 அமர்வு விற்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடைக்கூம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நான் எடுத்துக் காட்டிய பெண்களில் பெரும்பாலோர் பார்த்த பார்வையிலேயே விடை கிடைத்துவிட்டது.

ஆசிரியையின் தாள்களில் இல்லாத ஒரு வழியைச் சேர்க்க விரும்புகிறேன்: குழுப் பயிற்சி. கனடாவில் 60 வயதுக்கு மேற்பட்ட 362 பெண்களிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஒரு பாதியினர் தனித்தனியாகவும் மறு பாதியினர் குழுவாகவும் 12 வாரம் பயின்றார்கள். ஓராண்டு கழித்துக் கசிவு தனியாகப் பயின்றவர்களிடம் 74 சதவீதமும், குழுவில் பயின்றவர்களிடம் 70 சதவீதமும் குறைந்திருந்தது. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. குழுவில் சேர்வதற்கு முன் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு முறை தசையைச் சரியாக இறுக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். சிகிச்சையாளர் குறைவாகவும் பெண்கள் அதிகமாகவும் இருக்கும் நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும் இடத்திலேயே இதை நடத்தலாம். பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒருத்தி "எனக்கும்தான்" என்று சொன்னால், மற்ற ஒன்பது பேரின் பல ஆண்டு மௌனம் கலைவதைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசிச் செயலிகளுக்கும் சான்று இருக்கிறது. சுவீடனில் 123 பெண்களிடம் மூன்று மாதம் சோதித்த செயலி கசிவைக் குறைத்தது. தசையை இறுக்கத் தெரிந்தபின் நினைவூட்டலுக்கு அது நல்ல துணை. யோகாவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மூலபந்தம் என்ற யோகப் பயிற்சியில் இறுக்கச் சொல்வது ஏறக்குறைய இதே தசையைத்தான், எனவே அது தெரிந்தவர்கள் விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 240 பெண்களிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வில், கசிவுக்கென்றே அமைத்த யோகா வகுப்பும் பொதுவான உடற்பயிற்சி வகுப்பும் கிட்டத்தட்ட ஒரே பலனையே தந்தன. பிடித்திருந்தால் செய்யலாம், தசைப் பயிற்சிக்கு மாற்றாக அல்ல. உடல் பருமன் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பும் தனியாகவே கசிவைக் குறைக்கிறது என்பது நிறுவப்பட்ட ஒன்று.

மூன்றாவது தாளைப் பயிற்சியாளர்கள் குறைத்துப் பேசுவது வழக்கம், அது நேர்மையாகாது. நெதர்லாந்தில் நடுத்தர, கடும் அழுத்தக் கசிவு உள்ள 460 பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு முதலில் பயிற்சியும் மறு பிரிவுக்கு முதலில், சிறுநீர்த் தாரையைத் தாங்க அதன் அடியில் நாடா வைக்கும் அறுவையும் கொடுத்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் அறுவைப் பிரிவில் 90.8 சதவீதம், பயிற்சிப் பிரிவில் 64.4 சதவீதம். பயிற்சிப் பிரிவில் 49 சதவீதத்தினர் இடையிலேயே அறுவைக்கு மாறினார்கள். கசிவு கடுமையாக இருப்பவரிடம் இந்த எண்களை மறைத்துவிட்டு "பொறுமையாகச் செய்யுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது தவறு. அதே எண்களின் மறுபக்கமும் உண்டு: நடுத்தர, கடும் கசிவு உள்ளவர்களிலேயே பாதிப் பேர் அறுவைக்கு மாறாமல் இருந்தார்கள், மேலும், அந்த ஆய்வில் நேர்ந்த தொல்லைகள் எல்லாம் அறுவையோடு தொடர்புடையவை. நாடாவாக வைக்கப்படும் செயற்கை வலையின் பக்கவிளைவுகள் குறித்த புகார்களால் 2018-இல் பிரிட்டன் அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்ததும் நினைவில் இருக்க வேண்டும். இனியும் குழந்தை பெற எண்ணுபவர்கள் பொதுவாக அறுவையைத் தள்ளிப்போடுவார்கள். மூன்று மாதப் பயிற்சி பலன் தராவிட்டால் அறுவைக்குப் போகலாம். அறுவை செய்த பிறகு அதற்கு முந்தைய நிலைக்குத் திரும்புவது அவ்வளவு எளிதன்று. வரிசை முடிவாவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அவசரக் கசிவு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே மாறும். அங்கே பயிற்சிக்கு எதிரில் நிற்பது அறுவை அல்ல, மாத்திரை. 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களிடம் நடந்து 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தசையை இறுக்கி அவசரத்தை அடக்கும் பயிற்சி கசிவை 80.7 சதவீதமும், சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் ஆக்சிபியூட்டினின் மாத்திரை 68.5 சதவீதமும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 39.4 சதவீதமும் குறைத்தன. மாத்திரைக்கு வாய் உலர்தலும் மலச்சிக்கலும் உடன்வரும். முதியவர்களுக்கு மறதியும் குழப்பமும் வரக்கூடும். பயிற்சியில் செய்ய வேண்டியது, அவசரம் வந்ததும் ஓடாமல் நின்று, ஐந்தாறு முறை வேகமாக இறுக்கித் தளர்த்தி, அலை தணிந்தபின் நடந்து போவது. கழிவறைக்குப் போகும் இடைவெளியை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டும் பழக்கத்தையும் ஆறு வாரமாவது சேர்த்துச் செய்ய வேண்டும்.

ஆசிரியைக்கு அமைத்துக் கொடுத்த திட்டம் எளிமையானது. நான்கு நொடி இறுக்கம், நான்கு நொடி தளர்வு, வேளைக்கு எட்டு. பிறகு எட்டு விரைவு இறுக்கங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகக் கூடாது. மூன்று வேளையை எதோடு கட்டுவது என்று அவரே முடிவு செய்தார்: காலைக் காபி, பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டம், இரவு பாத்திரம் தேய்த்த பிறகு. "வழிபாட்டில் நின்றுகொண்டே செய்தால் யாருக்கும் தெரியாதுதானே?" என்று கேட்டார். தெரியாது. இதோடு, தும்மல் வருவதை உணர்ந்த நொடியே இறுக்கிவிட்டுப் பிறகு தும்மும் உத்தியைப் பழகச் சொன்னேன். 1998-இல் 27 பெண்களிடம் சோதித்தபோது, ஒரே வாரத்தில் இருமலோடு வரும் கசிவு வெகுவாகக் குறைந்தது. தசை வலுவடைய மாதங்கள் ஆகும்; இந்த உத்திக்கு அவ்வளவு காலம் தேவையில்லை என்பதால், பயிற்சியை நடுவில் விடாமல் இருக்க அது ஒரு பிடிமானம்.

அவர் புறப்படும்போது, மகள் எழுதிய தாளின் ஓரத்தில் திருத்தங்களை எழுதிக்கொண்டார். விலைப்பட்டியலை மேசையிலேயே விட்டுவிட்டார். பரிசோதனைச் சீட்டை மட்டும் நாலாக மடித்து, குறிப்பேட்டின் அட்டை உறைக்குள் செருகினார். மூன்று மாதம் எப்போது முடிகிறது என்று சுவர் நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தோம். அரையாண்டு விடுமுறையில் வந்து நின்றது. அதற்கு முன்னால், இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மறுபடி சரிபார்க்க வருவதாகச் சொல்லிவிட்டு, வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு டம்ளர் எடுத்து முழுவதும் குடித்துவிட்டுப் போனார்.